கல்யாண ஜெனரேட்டர் முதல் பிரேக்டவுன் கார் வரை: பின்னால் இழுத்துப் போகும் வண்டிக்கு டெயில் லைட், பிரேக் லைட் கொடுப்பது எப்படி?

முகூர்த்த நாள் ராத்திரி. தி.நகர் வெங்கட்நாராயணா சாலையிலோ, மயிலாப்பூர் ஆர்.கே. மடம் சாலையிலோ ரிசப்ஷன் முடிந்து மண்டபம் காலியாகிற நேரம். சின்ன லோடு வண்டி ஒன்று கிளம்பும். அதன் பின் கொக்கியில் மாட்டிய ஜெனரேட்டர் ட்ரெயிலர் ஆடிக்கொண்டே பின்தொடரும். சாயங்காலம் முழுக்க மண்டபத்துக்கே வெளிச்சம் கொடுத்த அந்த ஜெனரேட்டரின் முதுகில், பல சமயம் ஒரு சிவப்பு லைட் கூட இருக்காது.

லோடு வண்டியில் டெயில் லைட் இருக்கு, பிரேக் லைட்டும் எரியுது. ஆனால் ட்ரெயிலர் அதை மறைத்துவிடுகிறது. பின்னால் ஸ்கூட்டரில் வருபவருக்குத் தெரிவது ஒரு கறுப்புப் பெட்டி மட்டும்தான். அது ஓடுகிறதா, நிற்கிறதா, திரும்பப் போகிறதா எதுவும் தெரியாது.

ஜெனரேட்டர் மட்டுமல்ல. பெசன்ட் நகர் பக்கம் காரில் மாட்டி இழுத்து வரும் ஃபுட் ட்ரெயிலர், ஷூட்டிங்குக்குப் போகும் லைட்டிங் ட்ரெயிலர், கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போகிற பிரேக்டவுன் கார் என எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினைதான். இதைச் சரிசெய்யத் தேவைப்படுவது கொஞ்சம் வயர், ஒரு சாக்கெட், இரண்டு விளக்கு, விஷயம் தெரிந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்.

பிரேக் லைட் இல்லையென்றால் என்ன ஆகும்?

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். முன்னால் பிரேக் லைட் எரிவதைப் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றிலிருந்து ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்தால், அதற்குள்ளேயே 11 முதல் 17 மீட்டர் போய்விடும். இது லைட் எரிந்தால் நடக்கும் கணக்கு.

லைட்டே இல்லையென்றால், முன்னால் இருக்கும் உருவம் பெரிதாகிக்கொண்டே வருவதை வைத்துத்தான் அது நிற்கிறது என்று மூளை புரிந்துகொள்ள வேண்டும். இருட்டில், மழையில், எதிரே வரும் வண்டியின் ஹை பீம் கண்ணில் அடிக்கும்போது அந்தப் புரிதல் வர இன்னும் நேரமாகும். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து, மூன்று வண்டி போன இடத்தில் ஒன்று மட்டும் போகிற சாலையில் ஒதுங்கித் தப்பிக்கவும் இடம் கிடையாது.

ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டுவது நல்லது, ஒட்டியே ஆகவும் வேண்டும். ஆனால் ரிஃப்ளெக்டர் பின்னால் வருபவரின் ஹெட்லைட் அதன்மேல் பட்டால்தான் மின்னும். 'பிரேக் போட்டுட்டேன்' என்பதை அதனால் சொல்லவே முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெயிலரும் ஒரு மோட்டார் வாகனம்தான். இன்ஜின் இல்லை என்பதற்காக அது வெறும் தள்ளுவண்டி ஆகிவிடாது. பதிவு வேண்டும், காப்பீடு வேண்டும், பின்னால் நம்பர் பிளேட் வேண்டும். மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் பார்க்கும் டிஎன்-06, அடையாறு, திருவான்மியூர் பக்கம் பார்க்கும் டிஎன்-07 எல்லாம் கார், பைக்குக்கு மட்டுமான எண்கள் அல்ல. ஜெனரேட்டர், கம்ப்ரஸர், ரிக் பொருத்திய ட்ரெயிலர்களையும், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் ட்ரெயிலரையும் மத்திய அரசின் வாகன வகைப்பட்டியல் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

விளக்கு விஷயம் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-வது விதியில் வருகிறது. பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். நம்பர் பிளேட் மேல் வெள்ளை விளக்கு விழுந்து, 15 மீட்டரில் இருந்து எண்ணைப் படிக்க முடிய வேண்டும். ட்ரெயிலரின் பின்பக்க எண்ணுக்கும் இது பொருந்தும். ஒரு வண்டி இன்னொன்றை இழுக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டருக்கு மேல் இடைவெளி இல்லையென்றால், கடைசி வண்டியில் பின்விளக்கு இருந்தாலே போதும் என்றும் அந்த விதி சொல்கிறது. முன்வண்டியின் லைட் எரிந்து, கடைசி வண்டி இருட்டாக இருப்பதை எந்த விதியும் ஏற்கவில்லை.

ஃபுட் ட்ரெயிலர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று 108-வது விதி. ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட், இண்டிகேட்டர் மாதிரி சில விலக்குகள் தவிர, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிற வெளிச்சம் காட்டக்கூடாது. கடை நிற்கும்போது சீரியல் லைட் அழகுதான். ரோட்டில் ஓடும்போது அதே பச்சையும் நீலமும் மின்னினால், உண்மையான பிரேக் லைட் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். கிளம்பும் முன் அணைத்துவிட வேண்டும்.

தனியாக வேறு தண்டனை சொல்லப்படாத விதிமீறல்களுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500 ரூபாய் வரை அபராதம். அபராதம் சின்னதுதான். பின்னால் வந்து ஒருவர் மோதிவிட்டால், 'உங்க வண்டியில லைட் இருந்துச்சா?' என்று போலீசும் கோர்ட்டும் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேட்கும் கேள்விதான் பெரியது.

மோட்டார் ஹோமுக்குப் பின்னால் கார் கட்டி இழுக்கலாமா?

வெளிநாட்டு வீடியோக்களில் பெரிய மோட்டார் ஹோம் ஒன்று பின்னால் ஒரு முழுக் காரையே இழுத்துப் போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் இது சகஜம். நம்ம ஊரில் 'கேரவன்' என்றால் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஷூட்டிங் வண்டிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். இப்போது குடும்பத்தோடு டூர் போகும் கேம்பர் வேன்களும் வந்துவிட்டன.

ஆனால் ஓடும் நிலையில் இருக்கும் காரை அப்படி இழுத்துப் போக இந்தியாவில் வழியில்லை. பழுதான வண்டி, முழுசாகக் கட்டி முடிக்காத வண்டி, பதிவு செய்த ட்ரெயிலர், சைடு கார் ஆகியவற்றைத்தான் இழுக்கலாம் என்பது சாலை ஒழுங்குமுறை. ஆகவே நம் ஊரில் கேம்பர் வேனுக்குப் பின்னால் வரக்கூடியது பதிவு செய்த ட்ரெயிலர் மட்டுமே. வயரிங் மட்டும் அங்கேயும் இங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒரு முக்கிய வித்தியாசத்தைத் தவிர.

அமெரிக்க நாலு வயர் கிட்டில் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு பல்பில், ஒரே வயரில் வரும். இந்தியாவில் இண்டிகேட்டர் தனி, ஆம்பர் நிறத்தில் இருக்கும். ஆன்லைனில் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த கிட்டை வாங்கிவந்தால், இங்கே உள்ள வண்டியோடு அது ஒத்துப்போகாது. வாங்கும்போது ஏழு பின் சாக்கெட் என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஏழு பின், ஏழு வயர்: எது எதுக்கு?

12 வோல்ட் வண்டிகளுக்கான ஏழு பின் சாக்கெட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 1724 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன்படி ஒன்றாம் பின் மஞ்சள் வயர், இடது இண்டிகேட்டர். இரண்டு நீலம், பின்பக்க ஃபாக் லைட். மூன்று வெள்ளை, எர்த். நான்கு பச்சை, வலது இண்டிகேட்டர். ஐந்து பிரவுன், வலது டெயில் லைட். ஆறு சிவப்பு, பிரேக் லைட். ஏழு கறுப்பு, இடது டெயில் லைட். நம்பர் பிளேட் லைட்டை டெயில் லைட் வயரோடு சேர்த்துவிடலாம்.

இந்தக் கலர் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. கறுப்பு என்றால் எர்த், சிவப்பு என்றால் பேட்டரி பாசிட்டிவ் என்று பழகிய கைகள், இங்கேயும் அப்படியே இணைத்துவிடும். இங்கே எர்த் வெள்ளை. அதோடு, பழைய ட்ரெயிலரில் முன்பு யாரோ கையில் கிடைத்த வயரைப் போட்டிருக்கவும் வாய்ப்பு அதிகம். அதனால் கலரை நம்பாமல் ஒவ்வொரு வயரையும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டே இணைக்க வேண்டும்.

இழுக்கும் வண்டியின் வோல்ட்டையும் முதலிலேயே பார்க்க வேண்டும். கார், சின்ன லோடு வண்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட். பெரிய லாரி, பஸ் 24 வோல்ட். 12 வோல்ட் பல்பு போட்ட ட்ரெயிலரை 24 வோல்ட் லாரியில் மாட்டினால் பல்பு உடனே போய்விடும். ஜெனரேட்டர் ட்ரெயிலரை இன்று ஒரு வண்டி, நாளை இன்னொரு வண்டி இழுக்கும் என்பதால் இது அடிக்கடி நடக்கக்கூடிய தவறு. 12 முதல் 24 வோல்ட் வரை தாங்கும் எல்.இ.டி. லைட் செட் போட்டுவிட்டால் பல்பு போகும் கவலை இல்லை.

எல்.இ.டி.க்கு இன்னொரு லாபமும் உண்டு. பழைய இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 நொடி எடுக்கும். எல்.இ.டி. உடனே எரியும். 40 கி.மீ. வேகத்தில் அந்த 0.2 நொடி என்பது 2 மீட்டருக்கு மேல். மோதுவதற்கும் மோதாமல் நிற்பதற்கும் பல தடவை அந்த 2 மீட்டர்தான் வித்தியாசம்.

காரின் வயரை அறுத்து ஒட்டலாமா?

பழைய அம்பாஸடர் காலத்தில் டிக்கியைத் திறந்து, பிரேக் லைட் வயரைச் சீவி, புது வயரைச் சுற்றி டேப் ஒட்டினால் வேலை முடிந்தது. இன்றைய கார்களில் அது ஆபத்து.

கணக்கு இப்படி. ஒரு பிரேக் பல்பு 21 வாட். இரண்டு சேர்ந்தால் 42 வாட். 12 வோல்ட்டில் அது 3.5 ஆம்பியர். காரின் சொந்த பிரேக் லைட்டோடு இதுவும் சேர்ந்தால் அந்த சர்க்யூட்டின் சுமை இரண்டு மடங்கு ஆகிறது. ஃபியூஸ் போனால் ட்ரெயிலர் மட்டுமல்ல, காரின் பிரேக் லைட்டும் சேர்ந்தே போய்விடும். ஓட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது.

அதனால்தான் ரிலே. காரின் பிரேக் லைட் வயரில் வரும் மின்சாரம் ரிலேயை இயக்க மட்டும் பயன்படும். அதற்கு ரொம்பக் கொஞ்சம் கரண்ட் போதும். ட்ரெயிலர் லைட்டுக்கான உண்மையான கரண்ட், பேட்டரியில் இருந்து தனி ஃபியூஸ் வழியாக வரும். ட்ரெயிலர் பக்கம் ஏதாவது ஷார்ட் ஆனாலும் அந்த ஃபியூஸ் மட்டும்தான் போகும். காரில் எல்லாம் வழக்கம்போல் வேலை செய்யும்.

புது கார்களில் இன்னொரு சிக்கல். சில மாடல்களில் விளக்குகளை ஒரு கம்ப்யூட்டர் யூனிட் கட்டுப்படுத்துகிறது. டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே விளக்கைப் பயன்படுத்தி, கரண்ட்டை வேகமாக விட்டு விட்டு அனுப்பி வெளிச்சத்தைக் குறைக்கும். அந்த வயரில் சாதா ரிலேயை மாட்டினால் அது கடகடவென்று அடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட காருக்கு எலெக்ட்ரானிக் ட்ரெயிலர் மாட்யூல்தான் சரி. அந்த மாடலுக்கென்றே வரும் ஹார்னஸ் கிடைத்தால், வயரை அறுக்காமல் பிளக்கை நடுவில் சொருகினாலே போதும். வாரண்டி பிரச்சினையும் வராது.

இந்தச் சாமான்களைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். மவுண்ட் ரோட்டில் இருந்து பிரியும் ஜி.பி. ரோட்டில் கார் எலக்ட்ரிக்கல், அக்சஸரீஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய உதிரி பாகம் என்றால் புதுப்பேட்டை. ஆனால் சாக்கெட்டையும் ரிலேயையும் மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். உள்ளே பின் அரித்திருந்தால் வெளியே தெரியாது.

எர்த் சரியில்லை என்றால் எல்லாமே சரியில்லை

ட்ரெயிலர் லைட் பிரச்சினை என்று கொண்டுவந்தால், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் முதலில் பார்ப்பது எர்த். பல பேர் எர்த் வயரே இழுப்பதில்லை. கொக்கியும் உருண்டையும் இரும்பு, சேசிஸும் இரும்பு, அதன் வழியாகவே கரண்ட் திரும்பிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். நிற்கும்போது எரியும். ஓடும்போது குலுங்கி, நடுவே கிரீஸும் துருவும் வந்து, லைட் விட்டு விட்டு எரியும். பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் அந்தத் துரு சீக்கிரமே வந்துவிடும்.

எர்த் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். பிரேக் போட்டால் டெயில் லைட் மங்கும். இண்டிகேட்டர் போட்டால் பக்கத்தில் உள்ள சிவப்பு லைட்டும் சேர்ந்து சிமிட்டும். திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட் அடுத்த பல்பு வழியாக வழி தேடுவதுதான் இதற்குக் காரணம். பல்பை மாற்றிக்கொண்டே இருந்தால் காசுதான் போகும். மூன்றாம் பின்னில் இருந்து ட்ரெயிலரின் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர், மற்ற வயர்களைவிடக் கொஞ்சம் தடிமனாக, இழுத்துவிட்டால் தீர்ந்தது. சேசிஸில் ஸ்க்ரூ போடும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும்.

வயர் சேரும் இடங்களில் வெறும் இன்சுலேஷன் டேப் சென்னை வெயிலில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும். சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் ஸ்லீவ் போடுவது நல்லது. வயர் முழுவதையும் கொருகேட்டட் பைப்புக்குள் விட்டு, சேசிஸோடு கிளிப் அடிக்க வேண்டும். வண்டிக்கும் ட்ரெயிலருக்கும் நடுவே வரும் கேபிளில் கொஞ்சம் தொய்வு வேண்டும். லஸ் கார்னரில் முழுசாகத் திரும்பும்போது இழுபடக்கூடாது, நேராகப் போகும்போது தரையில் தேயவும் கூடாது. சுருள் கேபிள் போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

பிரேக்டவுன் காரை இழுக்கும்போது?

இது வேறு கதை. இங்கே சாக்கெட் கிடையாது, முன்தயாரிப்பும் கிடையாது. பின்வண்டியில் லைசன்ஸ் உள்ள ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார வேண்டும், இல்லையென்றால் முன் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கயிறு மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி துணி கட்ட வேண்டும். பின்னால் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று இருக்க வேண்டும். இவ்வளவும் ஒழுங்குமுறையில் இருக்கிறது. ரோட்டில் அந்தப் பலகையைப் பார்த்தவர்கள் குறைவு.

பேட்டரி நன்றாக இருந்தால் அந்தக் காரின் டெயில் லைட்டையே போட்டுவிடலாம். பின்னால் இருப்பவர் பிரேக் மிதித்தால் பிரேக் லைட்டும் எரியும். ஆனால் இன்ஜின் ஓடாததால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். நல்லா அழுத்தி மிதிக்கணும். ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டால் இண்டிகேட்டர் தெரியாது என்பதால், திரும்பும் இடத்தில் கை காட்டுவதும் அவசியம்.

வெள்ளத்தில் சிக்கிய கார் என்றால் இதுவும் முடியாது. 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் மூழ்கிய கார்கள் ஏராளம். அப்படிப்பட்ட காரில் சாவியைத் திருப்பக்கூடாது, பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும் என்பதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் முதல் பாடம். அப்படியானால் பின்பக்க லைட் ஒன்றும் எரியாது. மழை இருட்டில், தண்ணீர் தேங்கிய தெருவில், விளக்கே இல்லாத கார் ஒன்று இழுபட்டுப் போகும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, காந்தம் வைத்த எல்.இ.டி. டோயிங் லைட். டிக்கி மேல் ஒட்டி, நீளமான கேபிளை காரின் பக்கவாட்டில் கொண்டுவந்து முன்வண்டி சாக்கெட்டில் மாட்டலாம். பிளாஸ்டிக் பம்பரில் காந்தம் ஒட்டாது, இரும்புத் தகட்டில்தான் ஒட்டும். இன்னொன்று, ஒரு பலகையில் இரண்டு பக்கமும் லைட் பொருத்தி, நடுவில் நம்பர் எழுதி, டிக்கியில் கட்டித் தொங்கவிடுவது. பிரிட்டனில் 'லைட்டிங் போர்டு' என்றே கடையில் விற்கிறார்கள். நம்ம ஊரில் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் அரை நாளில் செய்துகொடுத்துவிடுவார். டோயிங் தொழில் செய்பவர்கள் ஒன்று செய்து வண்டியிலேயே போட்டுவைத்தால் பல வருஷம் உழைக்கும்.

காரின் சொந்த விளக்கையே முன்வண்டியில் இருந்து எரிய வைக்க நினைத்தால் வயரில் டையோடு போட வேண்டும். டையோடு கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும். அது இல்லையென்றால் முன்வண்டி கரண்ட் பின்வண்டியின் மற்ற சர்க்யூட்டுகளுக்குள் புகுந்துவிடும். நனைந்த காரில் அதைச் செய்யவே கூடாது. ஆட்டோமேட்டிக் கார், பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் கயிற்றை மறந்துவிட்டு, முழு வண்டியையும் ஏற்றிப்போகும் ஃபிளாட்பெட் கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கிளம்பும் முன் இரண்டு நிமிடம்

ஒருவர் டிரைவர் சீட்டில், ஒருவர் பின்னால். டெயில் லைட், பிரேக், இடது, வலது என ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு டெயில் லைட் எரியும்போதே பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட வேண்டும். தனித்தனியாக நன்றாக எரிந்து, சேர்த்துப் போட்டதும் குழம்பினால் அது எர்த். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால், பல்பு போயிருக்கலாம், அல்லது எல்.இ.டி. குறைவாகக் கரண்ட் இழுப்பதை ஃபிளாஷர் பல்பு போனதாக நினைத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கு ஏற்ற ஃபிளாஷர் மாற்றினால் சரியாகிவிடும்.

ட்ரெயிலரைக் கழற்றி நிறுத்தியபின் பிளக்கைத் தரையில் போட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்குள் தண்ணீர் போய், அடுத்த முகூர்த்தத்துக்குள் பின்கள் பச்சை பூத்துவிடும். ட்ரெயிலரின் முன்பக்கத்திலேயே ஒரு காலி சாக்கெட்டைப் பொருத்தி, பிளக்கை வாய் கீழே பார்க்கும்படி அதில் சொருகிவைத்தால் போதும்.